நவம்பர் விழுந்துபோன கிராப்

பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, "ரோனியோ அழகமுத்து கடை எங்கே?" என்று யாரிடம் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். தமிழில் கேட்டாலும் சரி, சிங்களத்தில் கேட்டாலும் சரி. மாணிக்கக் குழியில் இறங்கிச் சேறு பூசி வருகிறவனுக்கும் அந்தக் கடை தெரியும், அரசாங்கக் கச்சேரிக்குக் கோட்டுப் போட்டுப் போகிறவருக்கும் தெரியும். அப்பன் பாட்டன் பேரைச் சொல்லி ஊரில் தெரிந்த முகமாகிறவர்கள் உண்டு. அழகமுத்து தன் கையைச் சொல்லித் தெரிந்த முகமானவர்.

நிவித்திகலைக்கு அப்பால் மலை ஏறினால் வரும் தெனகந்தைத் தேயிலைத் தோட்டத்தில், கீழ்டிவிசன் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதற்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஒரே கரும்பலகை. தகப்பன் போன பிறகு புல்லு வெட்டினார், கொழுந்து மூட்டை தூக்கினார். மீசை அரும்பும் வயதில் மலையை விட்டு இறங்கி, பெல்மதுளையில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு ஐயாவின் கந்தோரில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கந்தோரின் மூலையில் ஒரு ரோனியோ மெஷின் இருந்தது. மெழுகு பூசின ஸ்டென்சில் தாளில் எழுதி, அதை உருளையில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால், எழுதினது போலவே தாள் தாளாக வந்து விழும். கிளாக்கர் அதைச் சுற்றும்போதெல்லாம் அழகமுத்து விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்று பார்ப்பார். கிளாக்கர் சுற்றினால் மை அப்பும், தாள் ஒட்டிக்கொண்டு வரும். ஒருநாள் கிளாக்கர் லீவில் போயிருக்க, அவசர வேலை ஒன்று வந்தது. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அழகமுத்து சுற்றினார். வெள்ளைச் சோறு போல, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் விழுந்தன தாள்கள்.

"உனக்கு யாருடா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார் நொத்தாரிசு ஐயா.

"மெஷினேதாங்க சொல்லிச்சி" என்றார் அழகமுத்து.

அந்த மனிதர் கொழும்புக்குக் குடிபோகும்போது, "இது உன் கைக்குத்தான் பழகியிருக்கு" என்று மெஷினை அவரிடமே விட்டுவிட்டுப் போனார். அந்த நன்றியை அழகமுத்து மறக்கவில்லை. எந்த வேலையானாலும் உருளையில் மை பரவுவதற்குள் வரும் முதல் தாள் மங்கலாகத்தான் வரும். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, "இது நொத்தாரிசு ஐயாவுக்கு" என்று தனியாக வைப்பார். அப்புறந்தான் கணக்கில் சேர்கிற தாள்.

அப்படித் தனியே வைத்த தாள்களும், கெட்டுப்போன தாள்களும் வீணாகப் போவதில்லை. பக்கத்துக் கடை தையல்காரர் காமில் நானாவுக்குப் போகும். ரவிக்கைக்கும் சட்டைக்கும் அளவுக் காகிதம் வெட்ட அவருக்குத் தாள் வேண்டும். பெல்மதுளையில் பாதிப் பெண்களின் ரவிக்கைக் கை, மாரியம்மன் திருவிழா நோட்டீசில் வெட்டினதுதான்.

கோயில் நோட்டீஸ், கல்யாணக் கடிதம், சங்கத்துத் துண்டுப் பிரசுரம், பள்ளிக்கூடங்களின் பரீட்சைக் கேள்வித்தாள் என்று எல்லாம் அழகமுத்துவின் கையால்தான் வெளிவந்தன. இங்கிலீஷில் வரும் கேள்வித்தாளில் ஓர் எழுத்து அவருக்கு வாசிக்க வராது. ஆனால் எந்த எழுத்தின் வயிற்றில் மை அடைக்கும், எதன் வால் அறுந்துபோகும் என்பது தெரியும். "வாசிக்கிறவனுக்கு எழுத்தோட அர்த்தந்தான் தெரியும். எனக்கு அதோட குணமே தெரியும்" என்பார். பெருமைதான். ஆனால் உழைத்துச் சேர்த்த பெருமை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த அடுத்த வருஷம், எழுபத்தாறில், அந்தப் பெருமைக்கு ஒரு சோதனை வந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காத காலம் அது. ஸ்டென்சில் தாளுக்கு இரத்தினபுரிக் கடைகளிலும் "நெத", இல்லை, என்ற ஒரே பதில்தான். அழகமுத்துவின் அலுமாரியில் மீந்திருந்தவை இரண்டே ஸ்டென்சில்.

டிசம்பர் கடைசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், லூர்தம்மா குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். தெனகந்தைத் தோட்டத்து மருத்துவிச்சி அவர். அழகமுத்துவின் பிள்ளைகள் இருவரும் அவர் கையில் பிறந்தவர்கள். இரண்டாவது பிரசவத்துக்கு அவர் மனைவி சீதாதேவி தாய்வீட்டு லயத்துக்குப் போயிருந்தபோது இரத்தம் நிற்கவில்லை. கொட்டும் மழையில் லொறியை மறித்து ஏற்றி, மடியில் தலையை வைத்துக்கொண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவர் லூர்தம்மா. வேறு யாராவது வந்திருந்தால் ஸ்டென்சில் தீர்ந்துவிட்டது என்று அழகமுத்து சொல்லியிருப்பார்.

"தம்பி, இத அப்பிடியே அடிச்சுத் தரணும். நாளைக்கு வெள்ளன ரெத்தினபுரியில தண்ணிக் கூட்டம். கடைசி பஸ்ஸுக்குள்ள நான் எடுத்துக்கிட்டுப் போகணும்" என்று சொல்லி, சேலைத் தலைப்புக்குள் நனையாமல் வைத்திருந்த தாளை மேசைமேல் விரித்தார்.

சதுரம் சதுரமாகக் கட்டம் போட்ட பெரிய தாள். அதன்மேல் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு, நீலப் பென்சிலில் ஒரு கோடு. இரண்டும் ஏறி இறங்கி, குறுக்கும் மறுக்குமாகப் பின்னிக்கொண்டு ஓடின.

"என்னாங்கக்கா இது, பாம்பு ரெண்டு பின்னிக்கிட்ட மாதிரி?"

"கிராப் தம்பி. கீழ ஜனவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் மாசம். பக்கத்துல வயித்தோட்டம் கண்ட பிள்ளைங்க எத்தன பேருன்னு. நீலம் மேல்டிவிசன். அங்க பைப்புத் தண்ணி. செவப்பு நம்ம கீழ்டிவிசன். அங்க பீலித் தண்ணிதான், ஓடையில இருந்து தகரத்துல வந்து விழுற அதே தண்ணி. வெயில் மாசத்துல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணா ஓடுது பாருங்க. அக்டோபர் மழ வந்ததும் மேலருந்து எல்லா அழுக்கும் ஓடையில எறங்குது. நவம்பர்ல செவப்பு எங்க போகுதுன்னு பாருங்க."

அழகமுத்து பார்த்தார். சிவப்புக் கோடு தாளின் வலது ஓரத்தில், மேல்விளிம்பு வரை ஏறி நின்றது. அவருக்குப் படிப்பில்லை. ஆனால் அந்த ஏற்றம் என்னவென்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய தம்பி ஒருவன், பேர் வைத்த சூட்டோடு, அப்படி ஒரு மழை மாதத்தில்தான் போனான். அதே லயம், அதே பீலி.

"கவர்மெண்டுல ஒரே ஒரு தோட்டத்துக்குத்தான் வர்ற வருஷம் பைப்பு குடுப்பாங்களாம். எல்லாத் தோட்டமும் கேக்குது. என்னையப் பேச விடமாட்டாங்க தம்பி. நான் மருத்துவிச்சி, மூலையில நிக்கிறவ. டாக்டர் மாத்தயா ஒருத்தர்தான், 'தாளாக் கொண்டுவாங்க, எல்லார் கையிலயும் குடுக்கிறேன்'னு சொன்னாரு. இந்தத் தாளு பேசுனாத்தான் உண்டு."

"பேச வெக்கிறேங்கக்கா. ஊமையையும் பேச வெக்கிற மெஷினு இது. உக்காருங்க" என்றார் அழகமுத்து.

முதல் ஸ்டென்சிலை எடுத்துக் கிராப்பின்மேல் வைத்து, ஊசிப் பேனாவால் உள்ளது உள்ளபடி கீறினார். உருளையில் மாட்டினார். முதல் தாளைக் கண்ணில் ஒற்றி வைத்தார். அடுத்த தாள் விழுந்தது. லூர்தம்மா அதைக் கையில் எடுத்து, தான் வரைந்த தாளோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. இரண்டும் கறுப்பு. கோடுகள் வெட்டிக்கொண்ட இடமெல்லாம் நூல் சிக்கு. எது மேல்டிவிசன், எது கீழ்டிவிசன் என்று வரைந்தவருக்கே தெரியவில்லை. கட்டங்களை அடிமட்டம் வைத்து அழுத்திக் கீறியதில் மெழுகு பிளந்து, கோடு கோடாக மை வழிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாள் அக்டோபரோடு நின்றுவிட்டது. நவம்பரும் டிசம்பரும் தாளில் இல்லவே இல்லை. மெஷினுக்கு மை விழும் அகலம் என்று ஒன்று உண்டு. கிராப் அதைவிட அகலம். அழகமுத்து அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை.

"நவம்பர் எங்க தம்பி?"

"மெஷினு தின்னுருச்சி" என்றார் அழகமுத்து. சிரிப்பு வரவில்லை.

மையைக் கூட்டிப் பார்த்தார், அப்பிக்கொண்டது. குறைத்துப் பார்த்தார், கோடு அறுந்தது. ஸ்டென்சிலைத் தள்ளி மாட்டிச் சுற்றினார். நவம்பர் வந்தது, ஜனவரியும் பெப்ரவரியும் போயின. சிவப்புப் பென்சிலை எடுத்து அச்சான கோட்டின் மேலேயே கையால் வரையலாம் என்று லூர்தம்மா முயன்றார். ஈர மையில் பென்சில் பட்டதும் செம்மண் குழம்பாகிவிட்டது. காய விட்டு வரைவோம் என்றால் அந்த மழை ஈரத்தில் மை காய்கிற மாதிரி இல்லை.

ஒரு ஸ்டென்சில் போய்விட்டது. மற்றதும் போனால் கூட்டத்துக்கு லூர்தம்மா வெறுங்கையோடுதான் போக வேண்டும். அலுமாரியில் கிடக்கும் அந்த ஒற்றைத் தாளைத் தொட அழகமுத்துவுக்குக் கை வரவில்லை. பிள்ளைகளைக் கையில் வாங்கித் தந்தவளுக்கு இதைக்கூடச் செய்ய முடியாத கை என்ன கை என்று நினைத்துக்கொண்டார். எழுந்து, கெட்டுப்போன தாள்களை வாரிக்கொண்டு, வழக்கம்போல அடுத்த கடைக்குப் போனார்.

காமில் நானா கழுத்தில் அளவு நாடாவோடு குனிந்து நின்றார். வயதில் மூத்தவர். அழகமுத்துவைச் சீண்டாமல் அவருக்குத் தேநீர் இறங்காது.

"என்னா ரோனியோ முதலாளி, இண்டைக்குக் கழிவு கூடவா ஈக்கு? மெஷினுக்கு வயித்தால போகுதா?"

"வயித்தாலதான் நானா. அதத்தான் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார் அழகமுத்து.

அவர் முகத்தைப் பார்த்த காமில் நானா அதற்குமேல் கேலி பண்ணவில்லை. கெட்டுப்போன கிராப் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, அதன்மேல் ரவிக்கைக் கையின் அளவு அட்டையை வைத்தார். கைப்பிடி போட்ட சின்னப் பல்சக்கரம் ஒன்றை எடுத்து அட்டையின் ஓரமாக உருட்டினார். அட்டையை எடுத்ததும், தாளில் எறும்பு ஊர்ந்துபோன தடம்போல, புள்ளி புள்ளியாக ஒரு கோடு.

அந்தப் புள்ளிக் கோடு, பாழாய்ப்போன கறுப்புக் கோடுகளுக்கு நடுவே, 'நான் வேற' என்று சொல்லிக்கொண்டு கிடந்தது.

"நானா, இந்தச் சக்கரத்தக் குடுங்க."

"பொண்டாட்டியக் கேட்டாலும் தருவேன், சக்கரத்தத் தரமாட்டேன்" என்றார் காமில் நானா. "இது இப்ப எந்தக் கடையிலயும் இல்ல. பல்லு ஒண்டு ஒடைஞ்சா நான் கடையச் சாத்தணும். என்னாத்துக்குண்டு செல்லுங்க."

அழகமுத்து சொன்னார். பீலியைச் சொன்னார், நவம்பரைச் சொன்னார், பேச விடாத கூட்டத்தைச் சொன்னார். தம்பியையும் சொன்னார், அதை அவர் பெல்மதுளையில் யாரிடமும் சொன்னதில்லை. காமில் நானா மெல்லச் சக்கரத்தைத் துடைத்தார். "சக்கரம் வரும், ஆனா நானும் வருவேன்" என்று சொல்லி, தைக்கிற மெஷினை மூடிவிட்டு எழுந்தார்.

முதலில் கெட்டுப்போன ஸ்டென்சிலின் வெற்று ஓரத்தில் சோதித்தார்கள். காமில் நானா தன் வழக்கப்படி அடியில் மடித்த கம்பளியைப் போட்டு உருட்டினார். பற்கள் மெழுகைத் துளைத்துக்கொண்டு போயின. மாட்டிச் சுற்றினால் ஒவ்வொரு புள்ளியும் மிளகு பருமனில் மை கக்கியது.

"கம்பளி வேணாம் நானா. துணிக்குத்தான் அடியில மெத்து வேணும். மெழுகுக்குக் கல்லு மாதிரி அடி வேணும்" என்றார் அழகமுத்து. கண்ணாடி அலுமாரியின் தட்டை உருவி மேசையில் வைத்தார். கண்ணாடியின்மேல் வைத்து உருட்டியதும் மெழுகு விலகியதே தவிரத் தாள் ஓட்டையாகவில்லை. புள்ளி புள்ளியாக, மணி மணியாக அச்சு விழுந்தது.

"இனி நவம்பரப் பார்ப்போம்" என்று அழகமுத்து கெட்டுப்போன அச்சை எடுத்து, மை எதுவரை விழுந்திருக்கிறது என்று பார்த்து, கடைசி ஸ்டென்சிலின் முதுகுத் தாளில் பென்சிலால் நான்கு பக்கமும் எல்லை போட்டார். "அக்கா, மாடு இந்த வேலிக்குள்ளதான் மேயணும். மாசத்துக்கு ரெண்டு கட்டம் வெச்சிருக்கீங்க. ஒண்ணா ஆக்குங்க."

லூர்தம்மா புதுத் தாளில் மாதத்துக்கு ஒரு கட்டமாக மறுபடி வரைந்தார். அகலம் பாதியானதும், அக்டோபருக்கு அப்புறம் வந்த ஏற்றம் செங்குத்தாக, பனி விலகின காலையில் தெரியும் சிவனொளிபாதமலை போல எழுந்து நின்றது. லூர்தம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"கூட்டிக் காட்டுறேன்னு சொல்லமாட்டாங்களா தம்பி?"

"பக்கத்துல போட்ட எண்ணிக்க அதேதானேக்கா. எவனும் எண்ணிப் பாக்கட்டும்."

அழுத்திக் கீறியதால்தான் மெழுகு பிளந்தது என்பதால், இந்த முறை கட்டங்கள் வேண்டாம் என்று விட்டார். ஓரத்தில் மாதங்களுக்குச் சின்னச் சின்னக் கீறல் மட்டும் போட்டார். மேல்டிவிசன் கோட்டை ஊசிப் பேனாவால் லேசாக, ஒரே நீட்டாக இழுத்தார். மிச்சம் இருந்தது கீழ்டிவிசன். காமில் நானாவிடம் சக்கரத்துக்காகக் கையை நீட்டினார்.

காமில் நானா தரவில்லை. "முதலாளி, பேனா ஒங்கட கை. இது என்ட கை. வளைவுல அமத்தம் மாறாம உருட்ட ரவிக்கக் கழுத்து ஆயிரம் வெட்டியிருக்கணும்."

கடை திறந்த நாளிலிருந்து அழகமுத்துவின் மேசையில் வேறு ஆள் உட்கார்ந்தது கிடையாது. தன் கையால் வந்தவர், தன் கையை மட்டும் நம்பினவர். இது கடைசி ஸ்டென்சில் வேறு. வெளியே இரத்தினபுரி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று. லூர்தம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அழகமுத்து எழுந்து, நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் தட்டிவிட்டு, "உக்காருங்க நானா" என்றார்.

காமில் நானா "பிஸ்மில்லா" என்று சொல்லிச் சக்கரத்தை ஜனவரியில் வைத்தார். ஒரே மூச்சு. ஏற்றத்தில் ஏறி இறக்கத்தில் இறங்கி, நீட்டுக் கோட்டைத் தாண்டுகிற இடங்களில் நிற்காமல், டிசம்பரில் கொண்டுபோய் நிறுத்தினார். சக்கரத்தைத் தூக்கிய பிறகுதான் மூவரும் மூச்சு விட்டார்கள்.

உருளையில் மாட்டினார் அழகமுத்து. மங்கலான முதல் தாளை வழக்கம்போல நொத்தாரிசு ஐயாவுக்கு வைத்தார். இரண்டாவது தாள் விழுந்தது. ஜனவரி முதல் டிசம்பர் வரை எல்லா மாதமும் தாளுக்குள் இருந்தன. நீட்டுக் கோடு அடக்கமாகத் தரையோடு போனது. புள்ளிக் கோடு அதோடு பின்னிப் பின்னி வந்து, அக்டோபரில் கையை உதறிக்கொண்டு மேலே ஏறியது. குருடன் விரலால் தடவினாலும் புரியும்.

"நல்லா அழுதிருக்கு" என்றார் லூர்தம்மா, கையில் விழுந்த பிள்ளையைச் சொல்வதுபோல, அந்தக் கோட்டைத் தொடாமல் தொட்டு.

ஒவ்வொரு தாளுக்கும் இடையில் பழைய பத்திரிகை வைத்து மையை ஒற்றி எடுத்தார்கள். மூலையில் அழகமுத்து தன் கையாலேயே, தெரிந்த தமிழில், நீட்டுக் கோடு குழாய்த் தண்ணீர், புள்ளிக் கோடு ஓடைத் தண்ணீர் என்று எழுதியிருந்தார். சிங்களத்தில் எழுதித் தந்தவர் காமில் நானா. மழைக்குப் பாதுகாப்பாகக் கலியாணச் சட்டைத் துணி சுற்றி வந்த பொலித்தீனைக் கிழித்துப் பொதியைக் கட்டினார். லூர்தம்மா பஸ் ஏறும்போது வெளிச்சம் இருந்தது.

"என்ன தரணும் தம்பி?" என்று படியில் நின்று கேட்டார்.

"சீதாவுக்கு லொறி புடிச்சீங்களே, அதுல கழிச்சிக்கோங்க" என்றார் அழகமுத்து. "அதுவும் முழுசாக் கழியாது."

கூட்டத்தில் நடந்ததை லூர்தம்மா பிறகு வந்து சொன்னார். தாளைக் கையில் வாங்கினவர்களில் ஒரு பெரியவர் புள்ளிக் கோட்டில் விரலை வைத்து, இது மட்டும் ஏன் இறங்கவில்லை என்று சிங்களத்தில் கேட்டாராம். யாரும் பதில் சொல்லாததால் மூலையில் நின்ற லூர்தம்மாவைப் பார்த்தார்களாம். "அது ஓடை, இது பைப்பு, அம்புட்டுத்தான் சொன்னேன் தம்பி. வேற ஒண்ணும் பேச வேண்டி வரல."

அடுத்த அக்டோபர் மழைக்குள் கீழ்டிவிசன் லயத்துக்குக் குழாய் வந்துவிட்டது. திறப்பு நாளில் அழகமுத்து வெள்ளை வேட்டி கட்டிப் போனார். லயத்துப் பெண்கள் குழாய்க்குச் சந்தனம் வைத்துப் பூச்சூட்டியிருந்தார்கள். தண்ணீர் முதலில் செம்பழுப்பாக வந்து, இருமி, பிறகு தெளிந்து விழுந்தது. தான் பிறந்த லயத்தின் வாசலில் நின்று அழகமுத்து இரண்டு கையையும் குவித்து ஏந்தினார். குடித்தார். முகத்தையும் கழுவிக்கொண்டார், அதனால் கண்ணில் வந்தது எவருக்கும் தெரியவில்லை.

பெருமை பேசுவதை அவர் விடவில்லை. விடவும் தேவையில்லை. ஆனால் அந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், "சக்கரம் என்னோடது இல்ல, கையும் என்னோடது இல்ல. நாக்காலிதான் என்னோடது" என்று முடிப்பார்.

அன்று கடை சாத்த முடியாமல் காமில் நானா திறப்பு விழாவுக்கு வரவில்லை. ஹஜ் பெருநாள் தையல் குவிந்துகிடந்தது. அழகமுத்து புதுக் குழாயில் ஒரு போத்தல் நிறையப் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து அவர் மேசைமேல் வைத்தார்.

"என்னா இது, சர்பத்தா?"

"குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க நானா."

காமில் நானா ஊசியைக் கொலரில் குத்திவிட்டு, போத்தலை அண்ணாந்து குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"ஒரு ருசியும் இல்லியே முதலாளி. சும்மா தண்ணி மாதிரித்தான் ஈக்கு."

"அதத்தான் நானா கேட்டோம்" என்றார் அழகமுத்து.